நாலு வயதில் நாலாம் எதிரி

எனக்கு நாலு வயதாக இருந்தபோது பக்கத்து ஊர்க்காரர் ஒருவரை மண்வெட்டிக் காம்பால் அடித்து, காது கூசும்படி திட்டி, உயிரோடு விடமாட்டேன் என்று மிரட்டியும் இருக்கிறேன். இந்த விஷயம் எனக்கே இருபத்து மூன்று வயதில்தான் தெரியவந்தது. சொன்னவர் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர். போலீஸ்காரர் சொன்னால் நம்பாமல் இருக்க முடியுமா?

2005-இல் மழை பிடித்துக்கொண்ட மாதம் அது. எங்கள் ஊர் மரக்காணத்து உப்பளங்களை ஒட்டியது. அப்பா அளத்தில் உப்பு வாரும் கூலி. நான் தினமும் பஸ் பிடித்துப் பொம்மையார்பாளையம் போய் ஒரு பிரிட்ஜ், ஏ.சி. ரிப்பேர் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். கடை முதலாளியின் மச்சான் மஸ்கட்டில் இருந்தார். அங்கே ஏ.சி. மெக்கானிக் வேலைக்கு ஒரே ஒரு இடம் இருக்கிறது, சித்திரைக்குள் பாஸ்போர்ட் எடுத்துவிட்டால் உனக்கு, இல்லாவிட்டால் அவனுக்கு என்று முதலாளி சொல்லிவிட்டார். அவன் என்பது கடையில் என்னோடு வேலை செய்த இன்னொருத்தன். ஒழுங்காக காஸ் நிரப்பத் தெரியாது. ஆனால் பாஸ்போர்ட் வைத்திருந்தான். அதை எதற்கு எடுத்தாய் என்று கேட்டால், சும்மா இருக்கட்டுமே என்று எடுத்தேன் என்பான். எந்நேரமும் பைக் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டிருப்பான். அவனைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மஸ்கட் மேல் எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. அப்பாவை அளத்திலிருந்து மேலே ஏற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். வெயிலில் உப்பு வெள்ளையைப் பார்த்துப் பார்த்து அவர் கண் இரண்டும் எப்போதும் சிவந்திருக்கும். பாத வெடிப்பு ஆறவே ஆறாது. நான் கொஞ்ச காலம் வெளிநாட்டில் சம்பாதித்தால் அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடலாம். இதை அவரிடம் சொன்னதில்லை. சொன்னால், உட்கார்ந்து சாப்பிட எனக்கு என்ன கேடு வந்தது என்று சண்டைக்கு வருவார். எங்கள் வீட்டில் கோபம் மட்டும் தலைமுறை தலைமுறையாகக் குறையாமல் வந்துகொண்டிருக்கிறது.

பாஸ்போர்ட்டுக்கு மனு போட்டால் போலீஸ் விசாரணைக்கு வரும் அல்லவா, அதற்காக ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ரேஷன் கார்டு, பள்ளிக்கூட சர்டிபிகேட் எல்லாம் எடுத்துக்கொண்டு, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போனேன். ரைட்டர் ஏதோ பழைய பதிவேட்டைப் புரட்டினார். விரலை ஓரிடத்தில் வைத்து என்னைப் பார்த்தார். உன் பேரில் ஒரு அடிதடி கேஸ் இருக்கிறதே என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நானும் நிறுத்திக்கொண்டேன். என் பெயர், என் அப்பா பெயர், எங்கள் தெரு, எல்லாம் சரியாக இருந்தது. குற்றம் சாட்டப்பட்ட ஆறு எதிரிகளில் நான் நாலாவது.

கேஸ் என்ன ஆயிற்று என்று என்னிடமே கேட்டார். எனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"எதிரி உனக்கே தெரியலன்னா எனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றார்.

வருஷத்தைக் கேட்டு விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். எனக்கு அப்போது நாலு வயது. மண்வெட்டியைத் தூக்கும் வயதா அது, நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவர் நல்ல மனுஷன்தான், எரிந்து விழவில்லை. நீ சொல்வது சரியாகவே இருக்கட்டும், ஆனால் என் பதிவேட்டில் பெயர் இருக்கிறது, கேஸ் முடிந்ததா என்று இல்லை, அது முடிந்த கதையைக் கோர்ட்தான் சொல்ல வேண்டும், தீர்ப்பு நகல் வாங்கி வா என்றார். அதுவரை என் பேப்பர் அவர் மேஜையிலேயே இருக்கும். கேஸின் குற்ற எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். நான் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி, பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் வீட்டுக்கு நடந்தேன். கோபம் வந்தால் என்னால் உட்கார முடியாது.

அப்பா வீட்டில்தான் இருந்தார். மழைக்காலத்தில் அளம் முழுக்கத் தண்ணீர் நிற்கும், வேலை கிடையாது. உப்பு வாரும் பலகைக்குப் புதுக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் செதுக்குவதை நிறுத்தாமலே, "அந்தக் கேஸா" என்றார். அந்தக் கேஸாவா!

அன்றைக்குத்தான் எங்கள் ஊர் வழக்கம் ஒன்று எனக்கு முழுதாக விளங்கியது. உப்பளத்துக்குக் கழுவெளி ஏரியிலிருந்து தண்ணீர் வரும் வாய்க்கால் ஒன்று உண்டு. மதகை யார் முதலில் திறப்பது என்று எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் எப்போதும் தகராறு. தகராறு முற்றி ஸ்டேஷன் வரை போய்விட்டால், போலீஸ் வந்து கையில் கிடைத்தவனைப் பிடித்துப் போகும் வரை எங்கள் ஊர் காத்திருக்காது. நாட்டாமை வீட்டு வாசலில் கூட்டம் போட்டு, யார் யார் எதிரி என்று ஊரே முடிவு செய்துவிடும். அடித்தவன் பெயரைக் கொடுப்பதில்லை. அடிக்கிறவன் பெரும்பாலும் நன்றாக வேலை செய்கிறவனாக இருப்பான், சீசனில் அவனை விட முடியாது. அதனால் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவது போல வீட்டு வரிசைப்படி முறை வைத்திருந்தார்கள். இந்தத் தடவை இந்தத் தெருவில் இந்தந்த வீடு. முறை வந்த வீட்டுக்காரன் ஒரு ஆண் பெயரைக் கொடுக்க வேண்டும். மறுக்கக் கூடாது. மறுத்தால் அடுத்த திருவிழாவில் அந்த வீட்டு வாசலில் சாமி நிற்காது.

அந்த வருஷம் எங்கள் வீட்டு முறையாம்.

உன் பெயரைக் கொடுக்க வேண்டியதுதானே என்று கத்தினேன். அப்பா காம்பை ஒரு கண்ணை மூடிப் பார்த்து, நேராக இருக்கிறதா என்று சோதித்தார். பிறகு சொன்னார்:

"எம் பேரு முந்தின முறை வந்த கேஸ்லயே இருந்துச்சுடா. ரெண்டாவது வாட்டியும் வந்தா கேடி லிஸ்ட்ல ஏத்திடுவாங்கன்னு சொன்னாங்க. சின்னப் புள்ளய எவன் புடிச்சு உள்ள போடப் போறான்னு உம் பேரக் குடுத்தேன்."

எப்படி இருக்கிறது யோசனை! சட்டம் சின்னப் பிள்ளையை ஒன்றும் செய்யாது என்று தெரிந்திருக்கிறது. சின்னப் பிள்ளை பெரியவனாவான் என்பதுதான் தெரியவில்லை.

அப்படியானால் கோர்ட்டில் என் பெயரைக் கூப்பிட்டபோது யார் போய் நின்றது என்று கேட்டேன். எவனோ நின்றான், ஊரில் ஆள் அனுப்புவார்கள் என்று சொல்லிவிட்டு, மழை விட்டதா என்று பார்ப்பது போல வெளியே போனார். அம்மா இருந்திருந்தால் கேட்டு வாங்கியிருப்பேன். அம்மா போய் ரொம்ப வருஷம் ஆகிவிட்டது. நாட்டாமையிடம் போய்க் கேட்டேன். அவர் காலமான பழைய நாட்டாமையின் மகன், கேஸ் நடந்தபோது அவரே சின்னப் பையன். யார் நின்றால் என்ன, முறையை ஒழுங்காகச் செய்த வீடு உங்களுடையது என்று என்னைப் பாராட்டி அனுப்பினார்.

என் பெயரில் எவனோ ஒரு குடிகாரன் கூண்டில் நின்றிருக்கிறான் என்ற நினைப்பிலேயே எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பஸ் ஸ்டாப்பில் நிற்கும் ஐம்பது வயது ஆண்களையெல்லாம் முறைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். ஒருவரிடம் பொறுக்க முடியாமல், நீங்கள் எப்போதாவது நானாக இருந்திருக்கிறீர்களா என்று கேட்டேவிட்டேன். அவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். சாயங்காலத்துக்குள் எனக்குப் புத்தி பிசகிவிட்டதென்று தெரு முழுக்கப் பேச்சு.

கோர்ட் இருந்த ஊருக்கு பஸ்ஸில் போக வேண்டும். கடை முதலாளியிடம் லீவு கேட்டபோது அவர் ஒரு யோசனை சொன்னார். பேப்பரில் போட்டிருக்கிறான், தகவல் கேட்கப் புதிதாகச் சட்டம் வந்திருக்கிறது, கேட்டால் கொடுத்தே ஆகவேண்டுமாம், அதைச் சொல்லிக் கேள் என்றார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நகல் பிரிவுக்குப் போய், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் புதுச் சட்டத்தைச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். தம்பி, தீர்ப்பு நகலுக்கு அதெல்லாம் வேண்டாம், அந்தக் காலத்திலிருந்தே நகல் மனு என்று ஒன்று இருக்கிறது, முதலில் அதைப் போடு என்றார்.

நகல் மனுவில் வழக்கு எண் கேட்டிருந்தது. என் பையிலிருந்த துண்டுத் தாளைக் கொடுத்தேன். இது ஸ்டேஷன் எண், கோர்ட் எண் வேறு என்றார். அது யாரிடம் கிடைக்கும் என்றால் ஸ்டேஷனில் கேள் என்றார். ஸ்டேஷனில் போய்க் கேட்டால் அது கோர்ட்டிலேயே டூட்டி பார்க்கும் எங்கள் கான்ஸ்டபிளிடம் இருக்கும் என்றார்கள். ஆக, நான் தேடிய ஆள் நகல் பிரிவு ஜன்னலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் அவரைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போயிருக்கிறேன்.

அந்த கான்ஸ்டபிள் பழைய கேஸ் என்றதும் முகத்தைச் சுளித்தார். பேச்சுவாக்கில் நான் பிரிட்ஜ் மெக்கானிக் என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் வீட்டு பிரிட்ஜில் ஐஸே பிடிப்பதில்லையாம். சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறீர்களா என்றேன். ஆமாம் என்றார். ஒரு சாண் முன்னால் இழுத்துப் போடுங்கள், பின்பக்கம் காற்று வேண்டும் என்றேன். அடுத்த தடவை போனபோது, மனுஷன் வாயெல்லாம் பல்லாக, பழைய கட்டுகளைக் கிளறி வழக்கு எண்ணை எடுத்து வைத்திருந்தார். ஐஸ் பிடித்துவிட்டதாம். இனி எல்லாம் சுலபம் என்று நினைத்தேன். என் அறிவு அப்படி.

எண்ணைக் கொடுத்ததும் நகல் பிரிவு அம்மா ஒரு தடித்த பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். இந்த வழக்கில் நீ யார் என்று கேட்டார்.

"நாலாம் எதிரிங்க" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. ஒரு வழியாக எனக்கும் கோர்ட்டில் ஒரு இடம் கிடைத்த மாதிரி இருந்தது.

அவர் பதிவேட்டில் விரலை ஓட்டினார். "நாலாம் எதிரிக்கு அப்பவே முப்பது வயசு" என்று சொல்லிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "உடம்ப நல்லா வெச்சிருக்கீங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அந்த ஆள் இல்லை, ஆனால் அது நான்தான் என்று விளக்கினேன். அதற்கும் சிரித்தார்கள். அந்த அம்மா மட்டும் சிரிக்காமல், நீ எதிரி என்றால் எதிரி என்று எழுதிக் கையெழுத்துப் போடு, நகல் தருகிறோம். எதிரி இல்லை என்றால் நீ மூன்றாம் ஆள், எதற்காக வேண்டும் என்று அபிடவிட் போட்டு உத்தரவு வாங்க வேண்டும் என்றார். யோசித்துச் சொல், அடுத்தவர் வாங்க என்றார்.

கோர்ட் வாசலில் ஒரு வக்கீல் குமாஸ்தா, டீக்கடை நிழலில் டைப் மெஷினோடு உட்கார்ந்திருப்பார். வெற்றிலை வாய். யாருடைய கஷ்டத்தைக் கேட்டாலும் தலையை ஆட்டி ரசிக்கும் சுபாவம். என் கதையைக் கேட்டு அவர் ரசித்த ரசிப்பில் எனக்கு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. ஆனால் விஷயம் தெரிந்த ஆள். எதிரி என்று மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதே என்றார். நாளைக்கு அதே தாளைக் காட்டி, நீயே ஒப்புக்கொண்டிருக்கிறாயே என்பார்கள், அத்தோடு மஸ்கட்டை மறந்துவிட வேண்டியதுதான். மூன்றாம் ஆளாகவே போ. பிறந்த தேதிக்குப் பள்ளிக்கூட சர்டிபிகேட்டை இணைத்துவிடலாம். அப்படியே தீர்ப்பு மட்டும் கேட்காதே, ஒவ்வொரு வாய்தாவிலும் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று கோர்ட்டில் எழுதி வைத்திருப்பார்கள், அதன் நகலையும் சேர்த்துக் கேள், ஸ்டேஷனில் எவனாவது அதற்கும் கேள்வி கேட்பான் என்றார்.

அபிடவிட்டை அவரே அடித்தார். அடித்து முடித்து எனக்குப் படித்தும் காட்டினார். மேற்படி எதிரியின் பெயரும் என் பெயரும் ஒன்றே என்றும், மேற்படி எதிரியின் தகப்பனார் பெயரும் என் தகப்பனார் பெயரும் ஒன்றே என்றும், மேற்படி எதிரி வசிக்கும் கதவிலக்கத்திலேயே நானும் வசிக்கிறேன் என்றும், இருப்பினும் மேற்படி எதிரி நான் அல்ல என்றும், மேற்படி எதிரி எவர் என்பதும் நான் அறியேன் என்றும் இருந்தது. படித்துவிட்டு அவரே ஒரு தடவை "அடடா" என்று சொல்லிக்கொண்டார். டீக்கடைக்காரர் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.

உத்தரவு கிடைத்தது. மனுவை ஏற்றுக்கொண்டார்கள். அதன் பிறகு நகல் எடுப்பதற்கு இத்தனை முத்திரைத் தாள் வேண்டும் என்று எண் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள், பார்த்துத் தாளைக் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் மனு தள்ளுபடி என்று அந்த அம்மா தெளிவாகத்தான் சொன்னார். நான் வாரம் தவறாமல் போய்ப் பலகையைப் பார்த்தேன். என் எண் வரவே இல்லை. இங்கே எதுவும் உருப்படாது என்று பஸ் முழுக்கத் திட்டிக்கொண்டே திரும்புவேன். கடைசியில் ஒரு நாள் பொறுமை போய் ஜன்னலில் சத்தம் போட்டேன். அந்த அம்மா எழுந்து வெளியே வந்தார். என் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பலகையைக் காட்டினார். நான் இதுவரை பார்த்துக்கொண்டிருந்தது சிவில் பலகை. சொத்துத் தகராறுக்காரர்களின் எண்களை அத்தனை வாரமாக அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கிரிமினல் பலகை தூணுக்கு அந்தப் பக்கம். அதில் என் எண் வந்து, நாள் கடந்து, மனு தள்ளுபடியாகியிருந்தது.

அந்த இடத்தில் எனக்குக் கோபம்கூட வரவில்லை. அழுகைதான் வந்தது. தை பிறந்து, பொங்கலும் முடிந்து, அளத்தில் பாத்தி கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா விடியற்காலையில் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். கடையில் அந்தத் தலைவாரி, மஸ்கட்டில் வெயில் ரொம்ப அதிகமா என்று முதலாளியிடம் விசாரிக்க ஆரம்பித்திருந்தான். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, அழாதே தம்பி, இன்னொரு மனு போடு, இந்தத் தடவை கிரிமினல் பலகையைப் பார் என்றார். உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார். இன்றைக்கும் யாராவது கோர்ட் நகல் எப்படி வாங்குவது என்று என்னைக் கேட்டால் முதலில் எந்தப் பலகை என்பதைத்தான் சொல்வேன். மற்றதெல்லாம் பிறகு.

பங்குனி வெயிலில் நகல் கைக்கு வந்தது. சீல் குத்தி, ஓரத்தில் தைத்து, புது நோட்டு மாதிரி இருந்தது. ஓடிப் போய் குமாஸ்தாவிடம் கொடுத்தேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மரியாதையாகப் படித்தார். தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. அடி வாங்கியவர் உட்பட எல்லாச் சாட்சிகளும், இருட்டில் யார் அடித்தார்கள் என்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்கள். சம்பவம் நடந்தது மத்தியானம். அதற்குள் இரண்டு ஊரும் சமாதானமாகியிருக்கும். ஆறு எதிரிகளும் விடுதலை. நான் விடுதலையாகி வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. அது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

குமாஸ்தா அடுத்த தாள்களைப் புரட்டினார். வாய்தாக் குறிப்பு. ஒன்றாம் எதிரி வரவில்லை, வாரண்ட். இரண்டாம் எதிரி வரவில்லை. மூன்றாம் எதிரி வாரண்டில் பிடித்துக் கொண்டுவரப்பட்டார். ஐந்தாம் எதிரிக்கு மருத்துவச் சான்று. நாலாம் எதிரி ஆஜர். அடுத்த வாய்தாவிலும் நாலாம் எதிரி ஆஜர். நீதிபதி லீவில் இருந்த நாளிலும் நாலாம் எதிரி ஆஜர். பக்கம் பக்கமாக அப்படியேதான் இருந்தது. வருஷக்கணக்கில் ஒரு வாய்தா தவறவில்லை.

"எத்தினியோ எதிரியப் பாத்துட்டேன், இப்படி ஒரு ஒழுங்கான எதிரிய நான் பாத்ததே இல்லப்பா" என்றார் குமாஸ்தா.

எனக்கு அந்த ஆள் மேல் இருந்த கோபம் அப்போதும் தீரவில்லை. சாயங்காலம் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நகலைக் காட்டிச் சொன்னேன். ஒரு வாய்தா விடாமல் போயிருக்கிறான், வேலைவெட்டி இல்லாத வெட்டிப் பயல் எவனோ, பஸ் சார்ஜுக்கும் டீக்கும் ஆசைப்பட்டுப் போயிருப்பான் என்றேன். அப்பா குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார்.

"இருக்கும்" என்றார்.

ஸ்டேஷனில் நகலைக் கொடுக்கப் போனபோது, அடையாளம் சொல்ல அப்பாவையும் கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள். அவர் அளத்திலிருந்து நேராக வந்தார். கெண்டைக்கால் வரை உப்பு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. கழுவிக்கொண்டு வரக்கூடாதா என்று பல்லைக் கடித்தேன். பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தவர்கள் இன்னும் சிலரும் பெஞ்சில் இருந்தார்கள். நாங்கள் ஓரமாக உட்கார்ந்தோம். ரைட்டர் தலையைக் குனிந்து என் நகலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். படித்து முடித்து, தலையைத் தூக்காமலே, சத்தமாக என் பெயரைக் கூப்பிட்டார்.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அதற்குள் பக்கத்தில் அப்பா எழுந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டு எப்போது கக்கத்துக்குப் போனது என்று தெரியவில்லை. இரண்டு கையையும் கூப்பி, உடம்பைக் கொஞ்சம் குறுக்கி, வேகமாக இரண்டு எட்டு முன்னால் போய், சுவர் ஓரமாக ஒதுங்கி நின்று, "ஐயா" என்றார்.

ரைட்டர் தலையைத் தூக்கினார்.

உங்களைக் கூப்பிடவில்லை பெரியவரே, உங்கள் பையனைக் கூப்பிட்டேன் என்றார். அப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கையைக் கீழே விட்டார். திரும்பி என்னைப் பார்த்தார், உடனே பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். எங்கே உட்கார்வது என்று தெரியாமல் நின்றார். அத்தனை மாசமாக ஊரெல்லாம் தேடிய ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்து குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

பயமும் சேர்ந்து வந்தது. வேறு ஆள் பெயரில் கோர்ட்டில் நின்றது சின்னத் தப்பா? அதுவும் நானே நகல் வாங்கி, நானே கொண்டுவந்து கொடுத்து, அவரையும் நானே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். ரைட்டர் நகலைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மறுபடி வாய்தாப் பக்கங்களைப் புரட்டினார். பெஞ்சில் இருந்தவர்களை வெளியே போய் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார். பிறகு அப்பாவை உட்காரச் சொன்னார். அப்பா உட்காரவில்லை.

"ஏன்யா, மத்தவனுங்க எல்லாம் டிமிக்கி குடுத்திருக்கானுங்க. நீ மட்டும் ஒரு வாய்தா கூட உடலியே. ஏன்?"

அப்பா துண்டைக் கக்கத்திலிருந்து எடுத்து இரண்டாக மடித்தார்.

"எம் பேரா இருந்தா உட்டிருப்பேனுங்க" என்றார். "புள்ள பேரு. அந்தப் பேருல ஒரு வாரண்டு வந்துடக் கூடாது இல்லீங்களா."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீசனில் ஒரு நாள் அளத்துக்குப் போகாவிட்டால் அடுத்த நாள் பாத்தி வேறு ஆளுக்குப் போய்விடும். இந்த மனுஷன் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போய், நான் வீட்டில் மண்ணில் விளையாடிக்கொண்டிருக்க, நானாக நின்றுவிட்டு வந்திருக்கிறார். வெட்டிப் பயல் என்று சொன்னேன். இருக்கும் என்றார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை, நீங்களும் ஒன்றும் சொல்லவில்லை என்றார் ரைட்டர். அப்பாவை மறுபடி வற்புறுத்தி உட்கார வைத்துவிட்டுப் பேனாவை எடுத்து, வழக்கில் கண்ட எதிரியின் வயதும் மனுதாரரின் வயதும் பொருந்தவில்லை, மேற்படி எதிரி வேறு, மனுதாரர் வேறு, வழக்கும் விடுதலையில் முடிந்தது, மனுதாரர் மீது ஆட்சேபணை ஏதுமில்லை என்று சொல்லிக்கொண்டே எழுதினார். எழுதி முடித்துத் தாளை எங்கள் பக்கம் திருப்பினார். கையெழுத்துப் போட என் பெயரைக் கூப்பிட்டார்.

இந்தத் தடவை நான்தான் எழுந்தேன். அப்பாவும் பாதி எழுந்துவிட்டு, பிறகு உட்கார்ந்துகொண்டார்.